கழுவிக்கொண்டு வந்த கால்கள்

எங்கள் சபையில் தாழ்மைக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. கமிட்டிக் கூட்டத்தில் யார் எழுந்தாலும் "ஒன்றுக்கும் உதவாத அடியேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஒன்றுக்கும் உதவாத அடியேன் கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தது, ஓடு மாற்றியது, பிஷப்போடு ஒரே மேசையில் சாப்பிட்டது எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதற்குள் நமக்குக் கால் மரத்துப்போகும். சபை நடத்திய ஆரம்பப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். அதனால் அந்தக் கூட்டங்களில் எனக்கும் மூலையில் ஒரு நாற்காலி உண்டு. எனக்கு வாயும் உண்டு என்பதை யாரும் அப்போது கவனித்திருக்கவில்லை.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நானும் அப்பாவும் இருந்தோம். நைனா என்று நான் கூப்பிட்ட அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்கடியில் பாறை சரிந்து அவருடைய இடது கால் நசுங்கியது. கால் பிழைத்தது, புண் ஆறவில்லை. ஆறியது போலத் தோல் மூடும். பிறகு வெடித்துச் சீழ் பிடிக்கும். அம்மா போன பிறகு அவரை நான் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டேன். வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு நடந்தே வந்தார்.

புண் நாறும். நான் மகள் என்பதற்காக அதை மறைக்கப்போவதில்லை. கட்டு மாற்றி இரண்டு மூன்று மணி நேரம் ஆனால் பக்கத்தில் உட்காருபவருக்குத் தெரியும். முதலில் எங்கள் பெஞ்சு காலியானது, பிறகு முன் பெஞ்சு, பிறகு பின் பெஞ்சு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைச் செயலாளர் கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல மூக்கை மூடிக்கொண்டு அப்பாவிடம் வந்தார். ஏதோ சர்க்கார் ஆபீஸில் பெரிய வேலையில் இருந்த மனிதர். யாரையும் கடிந்து ஒரு சொல் பேசமாட்டார்.

"ஐயா, உங்களுக்கு உள்ள புழுக்கமா இருக்கும். வெளிய வராந்தாவுல நல்ல காத்து. நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அது டிசம்பர் மாதம். சபையில் பாதிப்பேர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் டிசம்பரில் புழுக்கத்தைக் கண்டுபிடித்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போனார். அன்றிலிருந்து அதுதான் அவருடைய இடம்.

பாட்டு வராந்தாவுக்குக் கேட்கும். பிரசங்கமும் கேட்கும், அது கேட்காமல் போனாலும் நஷ்டமில்லை. திருவிருந்து மட்டும் வெளியே வராது. அதற்கு உள்ளே போய்ப் பீடத்தின் முன்னால் இருக்கும் மரக்கிராதியில் மற்றவர்களோடு வரிசையாக முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்க வேண்டும். ஒருமுறை அப்பா எழுந்து வாசல்வரை போனார். வாசலோரப் பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்தாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தருகிறேன் என்று போதகர் சொன்னார். வேதசாஸ்திரக் கல்லூரியிலிருந்து புதிதாக வந்த இளைஞர், நல்ல மனசு, முதுகெலும்புதான் இன்னும் முளைக்கவில்லை. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"படுக்கையில கெடக்கிறவனுக்குத்தான் ஊட்டாண்ட வந்து குடுப்பாங்க. நான் நடந்து வர்றேன். நாலு பேரோட முட்டி போட்டு எடுத்தாத்தான் அது விருந்து. தனியா எடுத்தா மருந்து" என்றார்.

அவர் வாழ்க்கையில் அதற்கு மேல் ஒன்றையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சாவதற்குள் ஒருமுறை அந்தக் கிராதியில் எல்லோரோடும் முழங்காலிட வேண்டும், அவ்வளவுதான்.

மாதர் சங்கம் அவரைப் பார்க்க வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். செயலாளரின் மனைவிதான் தலைவி. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, நிலைப்படியைத் தாண்டாமல் நின்று, பாட்டில் ஒரு சரணம் விடாமல் பாடி, நோயாளிக்காக உருக்கமாக ஜெபித்துவிட்டு, என் கையில் ஒரு சின்ன ஓடிகோலோன் சென்ட் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜெபம் நடக்கும்போது நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லோர் மூக்கிலும் கைக்குட்டை இருந்தது. அப்பா மட்டும் கைகூப்பி ஆமென் சொன்னார்.

அந்தக் காலைத் தினமும் கழுவியவள் வேறு ஒருத்தி. எங்கள் பங்களாவுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. சாயங்காலம் டூட்டி முடிந்து வரும் வழியில் எங்கள் வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்கும். அதற்கு முன்பே திட்டு கேட்கும்.

"யோவ் பெரியவரே, காலை நீட்டு. நக்ரா பண்ணாதே. அந்தக் கல்லு உன் தலை மேல உளுந்திருந்தா எனக்கு இந்தப் பேஜார் இருந்திருக்குமா?"

இப்படிப் பேசிக்கொண்டேதான் கட்டைப் பிரிப்பாள். ஒட்டிப்போன துணியை நனைத்து நனைத்து எடுப்பாள். அப்பாவுக்கு வலித்தால் திட்டு இன்னும் உரக்க வரும். அந்த நேரத்தில் கை மட்டும் மெதுவாகிவிடும். யார் சொல்லி வந்தாள், ஏன் வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாசலோடு போனபோது ஒருநாள் நாற்றம் அடித்திருக்கும், உள்ளே வந்துவிட்டாள். மற்றவர்களுக்கும் அதே நாற்றம்தான் அடித்தது. ஒருமுறை "ரொம்ப நன்றி ஆயாம்மா" என்றேன்.

"நன்றிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது டீச்சரம்மா? நேத்து வெந்நி ஆறிப்போயி இருந்தது. இன்னிக்காவது சூடா குடு" என்றாள்.

அவளும் எங்கள் சபைதான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவாள். வாய் சுத்தமில்லை என்று மாதர் சங்கத்தில் சேர்க்கவில்லை. அன்பின் விருந்து என்று சபையில் பந்தி நடக்கும்போது அண்டா கழுவ மட்டும் ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள், அதற்கு வாய் தேவையில்லை அல்லவா.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் புதுப் போதகர் ஒரு யோசனை சொன்னார். பெரிய வியாழன் ஆராதனையில், ஆண்டவர் சிலுவைக்குப் போகுமுன் கடைசி இரவில் சீஷர்களுக்குச் செய்ததுபோல, சபையின் பெரியவர்கள் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவ வேண்டும். எங்கள் சபையில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை. கமிட்டிக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. கழுவுவதற்குத்தான் எத்தனை கைகள் உயர்ந்தன. செயலாளர், பொருளாளர், பாடகர் குழுத் தலைவர், மாதர் சங்கத் தலைவி எல்லோரும் ஒன்றுக்கும் உதவாத அடியார்களாகிவிட்டார்கள். யார் முதல் காலைக் கழுவுவது என்பதில் செயலாளருக்கும் பொருளாளருக்கும் முகம் கறுத்து, அந்த மனஸ்தாபம் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் நீடித்தது.

பிறகு போதகர், "கழுவப்படுவதற்கு யார் வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

ஒரு கையும் உயரவில்லை. கழுவுகிறவர் ஆண்டவர் ஸ்தானம். காலை நீட்டுகிறவர் தரித்திரம் பிடித்தவர். அவர்கள் கணக்கு அப்படி. ஊர் பார்க்கக் காலை நீட்ட எந்தக் கௌரவஸ்தனும் தயாராயில்லை. கடைசியில் செயலாளர் தொண்டையைக் கனைத்து, "நீலசந்திராவில் நம்முடைய எளிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை அழைத்தால் அவர்களுக்கும் ஆசீர்வாதமாக இருக்கும்" என்றார். கூலி வேலை செய்து பிழைத்த அந்தக் குடும்பங்கள் வருஷத்தில் மற்ற நாட்களில் அவருக்கு ஞாபகம் வந்ததாக எனக்குத் தெரியாது.

அப்போதுதான் எனக்கு வாய் இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

"எங்க நைனாவையும் சேத்துக்கோங்க" என்றேன்.

செயலாளர் கைக்குட்டையைத் தேடினார். போதகர் மட்டும் முகம் மலர்ந்து, "ரொம்ப நல்லது டீச்சர்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அந்தக் கூட்டத்தில் அவரால் பின்வாங்க முடியவில்லை. எல்லோர் முன்னிலையிலும் ஒருவர் காலைக் கழுவிவிட்டு, அடுத்த கால்மணி நேரத்தில் அவரை வராந்தாவுக்கு அனுப்ப முடியாது என்பது என் கணக்கு.

அப்பா முதலில் மாட்டேன் என்றார். மறுநாள் காலை, "கால் கழுவுறவங்க, அப்புறம் பக்கத்துல முட்டி போடவும் வுடுவாங்க இல்ல?" என்று கேட்டார். நான் விடுவார்கள் என்றேன். பெட்டியின் அடியிலிருந்த மல் வேட்டியை எடுத்து வெளுக்கப் போடச் சொன்னார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. ஆயாம்மாவிடம் சொன்னபோது அவள், "அவனுங்க கழுவப்போறானுங்களா? பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகை என்று எல்லோரையும் வரச் சொன்னார்கள். போன பிறகுதான் தெரிந்தது, அது ஒத்திகை அல்ல, கால் பரீட்சை. கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் பன்னிரண்டு பேரையும் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு துண்டுச் சோப்பும் தேங்காய் நாரும் கொடுத்திருந்தார்கள். நகம் வெட்ட ஒரு கத்தரிக்கோல் கைமாறிக்கொண்டிருந்தது. செயலாளரின் மனைவி ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நாளைக்கு அவர்கள் தாழ்மையோடு கழுவப்போகும் கால்கள் இன்றைக்கே சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

நீலசந்திராவிலிருந்து வந்த ஒரு கொத்தனாருக்குக் குதிகால் வெடிப்புக்குள் சிமென்ட் இறுகியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"இன்னிக்கே எல்லாத்தையும் தேச்சிட்டா, நாளைக்கு சும்னே நனைக்கறதுக்காம்மா வரணும்?" என்று அவர் கேட்டார். வேடிக்கையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பேசாம தேய்ப்பா. ஆராதனைல ஒரு ஒழுங்கு வேணும்" என்றார் அந்த அம்மாள்.

அப்பாவின் முறை வந்தது. தாமே குனிந்து கட்டைப் பிரித்தார். அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போய்க் கணவரைப் பார்த்தார். செயலாளர் அருகே வந்தார், ஆனால் குனிந்து பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தபடியே பேசினார்.

"ஐயா, உங்களுக்கு வலிக்கும். எங்க கையால உங்களுக்கு ஒரு வேதனை வரக் கூடாது. நீங்க வராந்தாவுல சௌகரியமா உட்கார்ந்து பாருங்க. உங்களுக்காக விசேஷமா ஜெபிப்போம்."

உலகத்தில் எத்தனையோ விதமான கொடுமை இருக்கிறது. அன்பாகப் பேசிச் செய்யும் கொடுமைக்குத்தான் பதில் சொல்ல முடிவதில்லை. போதகரைப் பார்த்தேன். அவர் தம்முடைய பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம், ஐயா" என்றார். அப்பாவுக்குப் பதிலாகச் செயலாளரின் மருமகப்பிள்ளையைப் போட்டார்கள். பிறந்ததிலிருந்து காலுறை கழற்றாதது போன்ற பாதம். அதற்குப் பரீட்சை வைக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அப்பா மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டு வந்தார். "வுடும்மா. நம்மால அவங்க ஜெபம் கெட வேணாம்" என்றார். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. அப்பா வழக்கம்போல வராந்தாவில் இருந்தார். புதுப் பேசின்கள், சிலுவை பின்னிய புதுத் துண்டுகள். ஸ்டூடியோவிலிருந்து போட்டோக்காரர் வேறு வந்திருந்தார். செயலாளர் முழங்காலிட்டு முதல் பாதத்தைக் கையில் ஏந்தி, காமிரா பல்பு எரியும்வரை அப்படியே முகத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். பிறகு விரல் நுனியில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். கொத்தனார் கூச்சத்தில் நெளிந்தார். மருமகப்பிள்ளையின் காலைக் கழுவும்போது மாமியார் கண்ணீர் விட்டார். அதையும் போட்டோ எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து, திருவிருந்துக்கு முன்னால் மௌன தியானம் என்று போதகர் அறிவித்தார். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் ஒரு சத்தமில்லை. அப்போது வராந்தாவில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது.

ஆயாம்மா டூட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள். பேசின்களைக் கழுவி வைக்க அவளைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நேராகப் பின்னறைக்குப் போய், மீந்திருந்த வெந்நீர்க் குவளையையும் ஒரு புதுப் பேசினையும் சிலுவை பின்னிய துண்டையும் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். நான் பெஞ்சை விட்டு எழுந்து வாசலில் நின்று பார்த்தேன்.

"காலை நீட்டுய்யா" என்றாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கோயில் முழுவதும் கேட்டது. "சாயங்காலம் ஊட்ல இருன்னா இருக்கமாட்டே. இங்க வந்து காத்து வாங்கறயா? கட்டு இன்னாத்துக்கு இப்படி ஊறிப்போயி கெடக்குது? காலைலயிருந்து பிரிக்கவே இல்லியா? அறிவு இருக்குதா உனக்கு?"

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அப்பா வலியில் ஒருமுறை முனகினார். "சரி சரி, ஆச்சி, ஆச்சி" என்றாள். அது மட்டும் மெதுவாக வந்தது. உள்ளே ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. அன்று எங்கள் சபை செய்த மௌன தியானம் போல முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

சிலுவைத் துண்டால் துடைத்து, பையிலிருந்த துணியால் கட்டு போட்டு முடித்தாள்.

"எந்திரு. உள்ள பந்தி போடறாங்க, போ" என்றாள்.

அப்பா அசையவில்லை. "நாத்தம் அடிக்குதா பாரும்மா" என்றார்.

அவள் குனிந்து கட்டின் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்தாள். "மருந்து வாசனைதான் அடிக்குது. இதுக்கு மேல நாறுறவங்க உள்ள எவ்வளவோ பேர் இருக்காங்க. நட."

அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். கிராதியில் ஒரு வரிசை முழங்காலிட்டிருந்தது. கொத்தனார் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். அடுத்தபடி வரவேண்டிய செயலாளரும் மனைவியும் பாதி வழியில் நின்று, ஏதோ மறந்துபோனவர்கள் போலத் தங்கள் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அப்பாவால் இடது முழங்காலை மடக்க முடியவில்லை. ஆயாம்மா முதுகில் கைகொடுத்து இறக்கினாள். நான் அவருக்கு மறுபக்கம் முழங்காலிட்டேன். போதகர் செயலாளரின் பெஞ்சை ஒருமுறை பார்த்தார். ஆனாலும் கொடுத்தார், அதற்காக அவரை மன்னித்துவிட்டேன். அப்போதெல்லாம் சபை முழுவதற்கும் ஒரே பாத்திரம்தான், அதில்தான் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். அப்பா குடித்தார், அவருக்குப் பின் நானும் ஆயாம்மாவும் கொத்தனாரும் குடித்தோம். அதன்பிறகு ஒருவரும் எழுந்து வரவில்லை. ஆசீர்வதித்த ரசத்தை மீத்து வைக்கக் கூடாது என்பது முறை. அவ்வளவையும் போதகரே குடித்துத் தீர்க்க வேண்டியதாயிற்று.

அடுத்த வருஷம் கால் கழுவும் ஆராதனை நடக்கவில்லை. அதற்குப் பதிலாகத் திருவிருந்துக்கு ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் வாங்கினார்கள். சுகாதாரத்துக்காக என்றார் செயலாளர்.

அப்பா அதைப் பார்க்க இல்லை. ஈஸ்டர் கழிந்து வந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். மாதர் சங்கம் சவத்துக்குப் போட ஒரு ஜோடி வெள்ளைக் காலுறை கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்தது. ஆயாம்மா யாரையும் உள்ளே விடவில்லை. கடைசியாக ஒருமுறை அந்தக் காலைக் கழுவிக் கட்டினாள். திட்டவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அப்பா இல்லை என்பது எனக்கு உறைத்தது. பிறகு இரண்டு காலிலும் காலுறையை மாட்டி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள்.

கோயிலில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். அன்று அவரைப் பீடத்துக்கு முன்னால் வைக்க யாரும் ஆட்சேபிக்கவில்லை. செயலாளர் எழுந்து வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றார்.

"ஒன்றுக்கும் உதவாத அடியேன் இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். நம்முடைய பெரியவர் பாக்கியவான். அவருடைய பாதங்களைக் கழுவும் கிருபையைக் கர்த்தர் நம் சபைக்கு அருளினார். அந்தப் புண்பட்ட பாதத்தை நாம்..."

"எந்தக் காலு?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

செயலாளர் நிறுத்தினார்.

ஆயாம்மா எழுந்து நின்றிருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. "கழுவுனேன்னு சொல்றியே. எந்தக் காலுன்னு சொல்லு" என்றாள்.

அவர் பெட்டிக்குள் பார்த்தார். இரண்டு காலிலும் ஒரே மாதிரி வெள்ளைக் காலுறை இருந்தது. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். செயலாளர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார், மகள்தானே, எடுத்துக்கொடுப்பாள் என்பதுபோல. இடது கால் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவரே தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.